இரவு 2 மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது யார்?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. கும்பகோணத்தில் தனியாக இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் சொல்வது புரிகிறது, பேச்சு குழறுகிறது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார், அதனால் குழைத்த சாதம்தான் ஊட்டுகிறோம். காலையும் இரவும் இன்சுலின் உண்டு, டயப்பர் கட்டுகிறோம். எடை 52 கிலோ. வீட்டோடு பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். தம்பி திருச்சியில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறான். கோவையில் இரண்டு இல்லங்கள், திருச்சிக்கு வெளியே ஒன்று என மூன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். மாதம் 48,000, 34,000, 27,000 ரூபாய் கேட்கிறார்கள். மூன்றுமே சுத்தமாக இருக்கின்றன, எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? "ஊர் என்ன பேசும்" என்று தம்பி இந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.
— ஒரு வாசகி, பெங்களூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றும் சுத்தமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பீர்கள், போனது காலை பதினொரு மணி வாக்கில் இருந்திருக்கும். அந்த நேரத்தில் குளியல் முடிந்திருக்கும், படுக்கை விரிப்பு மாற்றியிருப்பார்கள், மேலாளரும் இருப்பார். உங்கள் அம்மாவின் உடல்நிலையைத் தீர்மானிக்கப்போவது மற்ற இருபத்து மூன்று மணி நேரம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்று பலகை இருந்தால் அது பெரும்பாலும் பத்து இருபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. 'முதியோர் இல்லம்' என்பதில் பல, தானே எழுந்து நடமாடுகிறவர்களுக்கு மட்டும்தான். 'சீனியர் லிவிங்' என்று கோவைப் பக்கம் விளம்பரம் செய்கிறவற்றில் பல, வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ செய்து சாப்பாடும் பாதுகாப்பும் தருகிற குடியிருப்புகள். அம்மாவுக்குத் தேவை இவை எதுவும் அல்ல, படுக்கையில் இருப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்கிற செவிலியர் பராமரிப்பு. ஆகவே "இடம் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "வலது பக்கம் விழுந்தவர், விழுங்குவதில் சிரமம், இரண்டு வேளை இன்சுலின், டயப்பர், தானாகப் புரண்டு படுக்க முடியாது" என்று வரிசையாகச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஒரு கேள்வியும் கேட்காமல் "எல்லாம் பார்த்துக்குவோம் மேடம்" என்றால் அந்த இடத்தை அடித்துவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் உங்களைத்தான் குடைவார்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா, முதுகில் புண் உண்டா, எத்தனை யூனிட் இன்சுலின், எந்த வகை, விழுங்கும் திறனை யாராவது சோதித்தார்களா, தாழ்சர்க்கரை எப்போதாவது வந்ததா என்று கேட்பார்கள். முடிந்தால் நேரில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்போம் என்பார்கள். "இது எங்களால் முடியாது" என்று சில பேரைத் திருப்பி அனுப்புகிற இல்லத்தின் மீது எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு.

காகிதங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இல்லம் பதிவாகியிருக்கிறதா, தீயணைப்புத் துறையின் சான்று நடப்பில் இருக்கிறதா, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சிஸ்டர்' என்று காட்டப்படுபவர்கள் நர்சிங் படித்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். வெள்ளைக் கோட்டும் காலரில் பெயர் அட்டையும் போட்ட எல்லோரும் செவிலியர் அல்ல. சில வாரப் பயிற்சியோ அதுகூட இல்லாமலோ வந்தவர்கள் உண்டு. அவர்களில் அருமையாகப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் இன்சுலினை அவர்கள் கையில் கொடுக்க முடியாது. இந்தக் காகிதங்கள் எதுவும் இல்லையென்றால் அங்கே சேர்க்கக் கூடாது. எல்லாம் இருப்பதாலேயே பராமரிப்பு நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

உண்மையான கணக்கு ஆட்களில் இருக்கிறது. "40 பேருக்கு 20 ஸ்டாஃப், இரண்டு பேருக்கு ஒருவர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த இருபதைப் பிரித்துப் பாருங்கள். சமையலுக்கு இரண்டு, உதவிக்கு இரண்டு, கூட்டித் துடைக்க மூன்று, அலுவலகத்தில் இரண்டு, டிரைவர் ஒன்று, காவலுக்கு இரண்டு. போனது பன்னிரண்டு. மிச்சம் எட்டுப் பேர், பன்னிரண்டு மணி நேர டூட்டியில் பகலுக்கு நான்கு, இரவுக்கு நான்கு. வார விடுப்பு, ஊருக்குப் போனவர் என்று கழித்தால் இரவில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். 40 பேரில் 15 பேர் படுத்த படுக்கை என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவரை ஒழுங்காகத் திருப்பி, டயப்பர் பார்த்து, தலையணை வைக்க இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் ஆகும். 15 பேருக்கு 150 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும், நடுவில் ஒருவர் கூப்பிட்டாலோ ஒருவர் வாந்தி எடுத்தாலோ அதுவும் போச்சு. இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறதோ அங்கே விடியற்காலைப் பதிவேட்டில் "12 மணி - இடது, 2 மணி - வலது, 4 மணி - இடது" என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும்.

ஆகவே டூட்டி சார்ட்டைக் கேளுங்கள். இந்த வாரத்து இரவு டூட்டியில் பெயர் உள்ளவர்களே பகலிலும் நிற்கிறார்களா என்று பாருங்கள். இல்லத்திலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களை '24 மணி நேர ஸ்டாஃப்' என்பார்கள். எந்த மனிதராலும் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. இரவில் வராந்தாவில் பாய் விரித்து அவர்கள் தூங்குவது அவர்கள் தப்பல்ல, அவர்களை அப்படி வைத்திருப்பவர்கள் தப்பு. இன்னொன்று: பராமரிப்பு வேலைக்கு இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். பொறுமையாக வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் குழறிப் பேசும் அம்மா "வயிறு வலிக்குது" என்பதை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. ஒவ்வொரு டூட்டியிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பதைப்போல் உருப்படியான சோதனை வேறில்லை. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரம் வேண்டும். நேராக உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க, சின்னச் சின்ன வாயாக, பலமுள்ள பக்கம் வைத்து ஊட்ட வேண்டும். அம்மாவுக்கு அது இடது பக்கம். வலது கன்னத்துக்குள் சோறு தங்கிவிடும், அது தெரியாமலே படுக்கவைத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீருக்கு இருமுகிறவர் என்பதால் அதைக் கெட்டிப்படுத்தும் பொடி கலந்து கொடுக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள். எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். ஊட்ட வேண்டியவர்கள் பத்துப் பேர், ஊட்டுகிறவர்கள் இருவர் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 12.30க்குத் தட்டு வந்து ஒரு மணிக்கெல்லாம் மேஜை துடைத்தாகிவிட்டதென்றால், ஒன்று வாயில் திணித்திருக்கிறார்கள், இல்லை தட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. பின்கட்டில் எச்சில் வாளியை ஒரு பார்வை பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

சர்க்கரை நோயாளிக்கு இதில் இன்னொரு வலை இருக்கிறது. பல இல்லங்களில் ஊழியர் வசதிக்காக இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே முடிந்துவிடும். மறுநாள் இட்லி எட்டரைக்கு வரும். பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு, உள்ளே இரவு போட்ட இன்சுலின். விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நினைவு தப்பிக் கிடப்பதை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. படுக்கப்போகும் முன் ஏதாவது கொடுக்கிறார்களா, காலையில் இன்சுலின் போட்ட எத்தனை நிமிடத்தில் பலகாரம் வருகிறது என்று கேளுங்கள். "எல்லோருக்கும் ஏழு மணிக்கு ஊசி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வண்டி 8.45க்கு வருகிற இடம் வேண்டாம். மேலாளரை விட்டுவிட்டு இரவு டூட்டி சிஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "ராத்திரி சர்க்கரை 60 காட்டினால் என்ன செய்வீர்கள்?" நினைவு இருந்தால் உடனே 15 கிராம் அளவுக்கு இனிப்பு, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதனை என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது தண்ணீராக இல்லாமல் குழைவாக இருக்க வேண்டும் என்று அவரே சொன்னால் நூற்றுக்கு நூறு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ரத்தக் குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவோம், அது கையிருப்பில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். "டாக்டருக்கு போன் பண்ணுவோம்" என்பது மட்டுமே பதிலானால் நீங்கள் வேறு இடம் பார்க்கலாம்.

சுவரில் தொங்கும் படங்களைவிட, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் உடம்பு அதிகம் சொல்லும். அனுமதி கேட்டு, படுக்கையில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடக்கிறதா, கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வைத்துத் தூக்கி வைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டவரின் பை தரையைத் தொடாமல், ஆனால் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஏர் பெட் (மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் மெத்தை) இருந்தால் மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டே பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு செல்போன் சார்ஜ் போட்டிருப்பது சாதாரணம். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிவந்த இடத்தில் பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கிற வழக்கமும், நடுவில் ஓட்டை உள்ள வட்டக் காற்றுத் தலையணையும் இன்னும் சில இடங்களில் உண்டு. இரண்டுமே கெடுதல், முன்னது நைந்த தோலைப் பிய்க்கும், பின்னது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெருக்கும்.

"இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது, அதில் இங்கே வந்தபின் வந்தது எத்தனை?" என்று கேளுங்கள். இருபது படுக்கை நோயாளிகள் உள்ள இடத்தில் "ஒருவருக்கும் இல்லை, வந்ததே இல்லை" என்ற பதில் எனக்கு உவப்பாக இருக்காது. "மூன்று பேருக்கு, இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது, ஒன்று இங்கே வந்தது, இதோ வாரா வாரம் எடுத்த அளவு" என்று புத்தகத்தைத் திறக்கிற இடம்தான் கவனிக்கிற இடம். வாடையும் ஒரு சாட்சி. காலை ஆறரைக்கு ஒரு அறையில் மூத்திர வாடை அடித்தால் அது இயல்பு, டயப்பர் மாற்றும் நேரம். பகல் பதினொன்றுக்கும் வராந்தா முழுக்க அதே வாடையென்றால் மெத்தைகளே ஊறியிருக்கின்றன. மூக்கைத் துளைக்கும் பினாயிலும் ரூம் ஸ்பிரேயும் அதே சங்கதிதான்.

கட்டிப்போடுவதைப் பற்றி நேரடியாகவே கேட்டுவிடுங்கள். மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார், இறங்கி விழுந்துவிடுகிறார் என்று துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டுவது நடக்கிறது. கட்டியவர் அசைய மாட்டார், அசையாதவருக்குப் புண் வரும், தசை இறுகும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகம் எரிந்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அதனால் படுக்கை நோயாளிகளை எந்த மாடியில் வைத்திருக்கிறார்கள், மின்சாரம் போனால் லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, இரவில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம் என்றும் சேர்த்தே கேளுங்கள். அம்மாவுக்குத் தரைத்தளம்தான்.

துணியால் கட்டாமல் மாத்திரையால் கட்டுவதும் உண்டு. பகல் முழுக்கத் தாடை தொங்கத் தூங்குகிறவர்கள் வரிசையாகத் தெரிந்தால் கவனியுங்கள். இரவில் சத்தம் போடுகிறவர்களுக்கு குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் எளிதில் எழுதப்படுகின்றன. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்துவிட்டது. பக்கவாத அபாயமும் கூடும். சில சமயம் அவை தேவைப்படும், மறுக்கவில்லை. "எனக்குத் தெரிவித்து, காரணம் சொல்லாமல் எந்தப் புதுத் தூக்க மருந்தும் மனநோய் மருந்தும் தரக் கூடாது" என்ற வரியை ஒப்பந்தத்தில் கையால் எழுதியாவது சேர்த்துவிடுங்கள்.

கழிப்பறையில் ஒரு சின்ன விஷயம்: கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது? அம்மாவுக்கு இடது கைதான் பிடிக்கும். வலது பக்கம் மட்டும் பொருத்தியிருந்தால் அது அவருக்குச் சுவர் அலங்காரம்தான். கட்டிலையும் அப்படியே, இடது பக்கமாக இறங்கும்படி போடச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். 27,000க்கும் 48,000க்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் கண்ணாடிக் கதவும் தோட்டமும்தான். சில நேரம் உண்மையிலேயே ஆட்கள்தான். வாயால் சொல்லும் கட்டணத்தை நம்பாமல், அம்மாவைப் போன்ற நிலையில் உள்ள ஒருவரின் போன மாத பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர் என்றால் மாதம் 150, அது யார் கணக்கு? பிசியோதெரபி, ஏர் பெட் வாடகை, சர்க்கரை சோதனைப் பட்டை, ஆம்புலன்ஸ் எல்லாம் தனியா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பார்கள், அந்த நாட்களுக்கும் அறைக் கட்டணம் ஓடுமா? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? வழக்கமான மருத்துவக் காப்பீடு இந்த மாதக் கட்டணத்தைத் தராது, ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்க்கும். பென்ஷன் ஏ.டி.எம். கார்டையும் நகையையும் இல்லத்தில் கொடுத்துவைக்க வேண்டாம். இரவில் நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யாரைக் கேட்டு, அங்கேயே உயிர் பிரிந்தால் எந்த மருத்துவர் வந்து சான்று தருவார் என்பதையும் சங்கடம் பார்க்காமல் பேசிவிடுங்கள்.

இப்போது எந்த இல்லம் என்பதற்கு வருகிறேன். மூன்றையும் சொல்லாமல் போய் மறுபடி பாருங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி நல்ல நேரம், மேலாளர் இருக்க மாட்டார். இரவு ஆளும் இன்சுலினும் சாப்பாடும் திருப்தியாக இருந்தால், என் ஓட்டு கோவையின் அழகான இடத்துக்கு அல்ல, திருச்சிக்கு. காரணம் உங்கள் தம்பி. சொல்லாமல் கொள்ளாமல் வாரத்தில் இரண்டு நாள் யாராவது எட்டிப் பார்க்கிற நோயாளிக்குக் கிடைக்கிற கவனிப்பு வேறு. பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை, அதுவும் போன் செய்துவிட்டு வருகிறவரின் அம்மாவுக்குக் கிடைப்பது வேறு. ஊர் பேசுவதைப் பற்றித் தம்பியிடம் வாதாட வேண்டாம், அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்.

முதலில் இரண்டு வாரத்துக்கு மட்டும், தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டே அழைத்துப் போங்கள். பேச்சுதான் குழறுகிறது, புரிதல் இருக்கிறது. சேர்க்கிற அன்றைக்கே எடை பார்த்து எழுதி, பின் இடுப்பு, இரண்டு குதிகால், இடுப்பு எலும்பின் இரு பக்கம், முழங்கை ஆகிய இடங்களை இல்லத்துச் சிஸ்டர் முன்னிலையில் போட்டோ எடுத்து, தேதி போட்டு இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இல்லம் இதற்குக் கோபப்படாது, அது அவர்களுக்கும் பாதுகாப்பு. பிறகு மாதாமாதம் எடை. ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது அம்மாவுக்கு இரண்டரை கிலோ குறைந்தால் ஊட்டுவதில் கோளாறு, அல்லது புதிதாக ஏதோ நோய். காரணம் கேட்டே ஆக வேண்டும். அலட்சியமோ அடியோ என்று சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567, மாவட்ட சமூகநல அலுவலர், காவல் நிலையம். மேலாளரின் சமாதானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தம்பியின் வேலை இதுதான்: செவ்வாய் அல்லது வியாழன், இரவு ஏழரை மணி, சொல்லாமல் போக வேண்டும். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் விரலால் அழுத்தி எடுக்கட்டும். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இப்போதே திருப்பிப் படுக்கவைத்தால் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அன்றிரவே சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டி, திருப்பும் நேரப் பட்டியலைப் படுக்கையருகே ஒட்டச் சொல்லி, மறுநாள் இரவும் போய்ப் பார்க்க வேண்டும்.